கின்னஸ் தண்ணீர் வந்த வழி

டப்ளினில் கின்னஸ் பீர் பேச்சு எடுத்தால் போதும், “எல்லாம் லிஃபி ஆத்துத் தண்ணியோட மகிமை” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் வாரம் ஒருமுறையாவது சொல்வார். எனக்கு இது ஒரு சின்ன முள். ஊருக்குள் லிஃபி கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. ஐலண்ட்பிரிட்ஜ் வரை ஓதம் வருகிறது. ஆலை இருப்பதோ அதற்கும் கீழே. நீர் வற்றும் நேரத்தில் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தவன் அந்தச் சேற்றில் பீர் காய்ச்ச நினைக்க மாட்டான்.

போதாததற்கு ஆலையைத் தொடங்கிய ஆர்தர் கின்னஸே சாட்சி. ஆலைக்கு வரும் நகர நீரோடையை 1775-ல் மாநகராட்சி ஆட்கள் தூர்க்க வந்தபோது, கொத்துக்கோடாரியைப் பிடுங்கிக்கொண்டு மனிதர் குறுக்கே நின்றார். வழக்கு 1784-ல்தான் சமாதானமானது. ஆறு பக்கத்திலேயே ஓடும்போது ஓடைக்காக எவன் கோடாரி தூக்குவான்?

அப்புறம் நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்தது கிராண்ட் கால்வாய். ஆலையும் நெடுங்காலம் அந்தக் கால்வாய் நீரில்தான் காய்ச்சியது. அப்படியானால் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து? அதைத் தேடித்தான் கில்டேர் மாவட்டத்து ராபர்ட்ஸ்டவுனுக்குப் போனேன். கால்வாயின் உச்சிமட்டம் அங்கேதான், கடல்மட்டத்துக்குச் சுமார் 85 மீட்டர் மேலே. கிழக்கே டப்ளின், மேற்கே ஷானன் ஆறு. இரண்டு பக்கமும் படகுகள் லாக் என்னும் மதகுப் பூட்டுகளில் படிப்படியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படகும் கடக்கும்போது உச்சியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் போய்விடும். மேலே நிரப்ப ஊற்று இல்லாவிட்டால் கால்வாயே கிடையாது.

ஒரே தெரு, ஒரு கல்பாலம், பூட்டிய கதவுகள். நடுவில் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத பிரம்மாண்டமாய் ஒரு கட்டடம். பயணப் படகில் வருகிறவர்கள் இறங்கித் தங்க 1801-ல் கால்வாய்க் கம்பெனி கட்டிய ஓட்டல். ரயில் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகு போலீஸ்காரர்கள் குடியிருந்தார்கள். தெற்கே ஆலன் குன்றின் மேல் ஒரு கோபுரம் தெரிகிறது. கட்டிய தொழிலாளிகளின் பெயர்களை அதன் படிகளில் வெட்டியிருக்கிறார்கள்.

உச்சியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணால் பார்த்துவிட ஆசை. பாலத்தடியில் ஓர் இலையைப் போட்டேன், மேற்கே போயிற்று. டப்ளின் கிழக்கே அல்லவா? இன்னொன்று போட்டேன், அதுவும் மேற்கே. சுள்ளி, புல், பஸ் டிக்கெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, “அது காத்து. தண்ணியைக் கேட்கணும்னா காத்து இல்லாத நாளா வாங்க” என்றார்.

அவருடைய அப்பா சரக்குப் படகில் வேலை பார்த்தவராம். ஊற்றைப் பற்றி எத்தனை விதமாகக் கேட்டும் பிடி கொடுக்கவில்லை. தண்ணீர் கிழக்கே போன கதை அவருக்கு வேண்டாம். அது ஸ்டவுட் பீராகி மேற்கே திரும்பி வந்த கதைதான் வேண்டும். ஆலையிலிருந்து பீப்பாய்கள் இதே கால்வாயில்தான் ஷானன் பக்கம் போயின. படகுக்காரர்கள் பீப்பாயின் இரும்புப் பட்டையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நகர்த்துவார்கள். பட்டை இருந்த இடத்தில் துரப்பணத்தால் இரண்டு பொடித் துளைகள்: ஒன்று பீருக்கு, ஒன்று காற்றுக்கு. வாளி நிறைந்ததும் மரக்குச்சியைச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவி, பட்டையைப் பழைய இடத்துக்கே தட்டிவிட்டால் எந்தக் கணக்கப்பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் தன் விரல்களாலேயே பட்டையைத் தட்டிக் காட்டினார். அந்த லாவகம் அப்பாவிடம் பார்த்ததா, கேட்டதா என்று நான் கேட்கவில்லை. 1960 மே மாதம் 51எம் என்ற படகு லிமரிக் நோக்கி டப்ளினிலிருந்து கடைசிச் சரக்கோடு கிளம்பியது. அதோடு அந்தக் கைத்தொழிலும் முடிந்தது.

எழுந்து போகும்போதுதான், போகிற போக்கில், “மில்டவுன் வாய்க்காலைப் பாருங்க” என்றார்.

அந்த வாய்க்கால் ராபர்ட்ஸ்டவுனுக்கு அடுத்த லோடவுன் பக்கத்தில் வந்து சேர்கிறது. சுற்றிலும் ஆலன் சதுப்பு, வெட்டிக் காயவைத்து எரிக்கும் கறுப்பு மண். தண்ணீரும் தேநீர் நிறத்தில் வரும் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியாக இருந்தது, அடியில் பாசியின் இழைகளை எண்ணிவிடலாம். காரணம் அதன் பிறப்பிடம்: பொலார்ட்ஸ்டவுன் ஊற்றுநீர்ச் சதுப்பு, ஏறக்குறைய 220 ஹெக்டேர். கர்ரா சமவெளியில் பெய்யும் மழை சரளைக்குள் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இங்கே ஊற்றுகளாக வெளிவருகிறது. வறுத்த பார்லியின் புளிப்பைச் சமன்செய்ய இந்தச் சுண்ணாம்புக் கடினம் தோதானது. கில்டேர் புறவழிச்சாலை இந்த நிலத்தடி நீரை வடித்துவிடும் என்ற பயம் வந்தபோது, இங்கே வாழும் இரண்டு மில்லிமீட்டர் நத்தை ஒன்று அந்தச் சாலையையே தாமதப்படுத்தியது; பள்ளமான பகுதிக்கு அடியில் நீர் புகாத விரிப்புப் போட்ட பிறகே 2003-ல் சாலை திறந்தது.

திரும்பும் வழியில் சாலின்ஸுக்குச் சற்று முன்னால் இறங்கினேன். அங்கே இருப்பதை, நம்மூர் மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். 1783-ல் கட்டிய ஐந்து வளைவுத் தொட்டிப்பாலம். மேலே கால்வாய், கீழே ஓர் ஆறு. அந்த ஆறுதான் லிஃபி. கின்னஸுக்குப் போன தண்ணீர் அதைத் தொடாமல் தலைக்கு மேலே கடந்து போயிருக்கிறது! தனியாக நின்று சிரித்ததில் ஒரு நாய் குரைத்தது.

இப்போது ஆலை விக்லோ மலைப்பக்கத்து நீருக்கு மாறிவிட்டது. லிஃபி பிறப்பதும் அதே விக்லோ மலையில்தான். இதை வீட்டு உரிமையாளரிடம் நான் சொல்லப்போவதில்லை.