கோலாரம்மன் கோயில் சுவரில்

சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்தவன் நான். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குக் கூலி வேலைக்கு வந்தவர். அப்பா 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடும்வரை ஷாப்டில் இறங்கியவர். "நாம பொழைக்க வந்தவங்க" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

சென்ற தை மாதம் அப்பாவோடு கோலாருக்குப் போனேன். ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறி, சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளைத் தாண்டினால் முப்பது கிலோமீட்டர்தான். ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸ் வேலைக்கும் எத்தனையோ முறை போன ஊர். கோலாரம்மன் கோயில் சுவரை மட்டும் நின்று பார்த்ததில்லை.

கோலாரின் பழம்பெயர் குவளாலபுரம். மேலைக் கங்கரின் முதல் தலைநகரம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்தது. கோயில் கல்லில் முதலாம் ராஜேந்திரன் காலத்துத் தமிழ் எழுத்து வரிவரியாக ஓடுகிறது. பி. எல். ரைஸ் 1905-ல் இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் ஏராளமாக இடம்பெற்றன. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ஈழத்தையும் கடாரத்தையும் பேசும். கடல் தாண்டிய அந்தக் கதையைச் சின்ன வயதிலேயே படித்துவிட்டேன். பக்கத்து ஊர்க் கல்லைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்பா எழுத்தைப் படிக்க முயலவில்லை. வெட்டு ஆழத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"உளி மழுங்கினா இப்படி நிக்காதுப்பா. பக்கத்துல ஒருத்தன் தீட்டிக் குடுத்துக்கிட்டே இருந்திருப்பான்."

முப்பது வருடம் பாறையைத் துளைத்த கை சொன்னது அது. பிறகு ஒரு 'ப'வையும் ஒரு 'ட'வையும் கண்டுபிடித்துக் காட்டினார். "நம்ம எழுத்துதான்."

ராஜாவின் ஆணையோடு வந்தவர்களும் கூலிக்கு வந்த என் தாத்தாவும் ஒன்றல்ல. அப்படிப் பெருமை பேசினால் பொய்யாகிவிடும். ஆனால் தாத்தா மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கியபோது, அவர் பேசிய மொழி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அது சுவரில் எழுதியிருக்கிறது.

தங்கவயலைப் பார்க்க இப்போது நிறையப் பேர் வருகிறீர்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, கோலாரம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள். காலையிலேயே போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து நன்றாகத் தெரியும்.