மூச்சிழுத்தால் மடங்கும் கை

மேஜை மேல் முகப்பவுடரைக் கொட்டித் தடவிவிட்டு, அந்த அண்ணனின் வலது கையை அதன் மேல் கிடத்தினார் பிசியோதெரபிஸ்ட் அம்மணி. பவுடர் எதற்கு என்று கேட்டேன்.

"கை வழுக்கிட்டுப் போகணுமுங்க. தூக்கற தெம்பு இன்னும் வரல. இப்படிக் கிடத்தி வெச்சா கையோட கனமே அதுக்குச் சுமையா இருக்காது."

அவரிடம் திரும்பி, "மூச்சை நல்லா இழுங்கண்ணா" என்றார். நெஞ்சு விரிந்தது. கூடவே முழங்கை மெல்ல மடங்கி, பவுடரில் ஒரு வளைகோடு போட்டது.

கோவையில் ஒரு கை சிகிச்சைக் கூடம் அது. அண்ணன் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர்; பைக்கிலிருந்து விழுந்து இங்கே வந்திருக்கிறார். அப்படி விழுகையில் தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால், கழுத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்களில் சில தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதை அதே இடத்தில் தைத்துச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்காக உழைக்கும் நரம்புகளில் இரண்டு மூன்றைத் திருப்பிவிட்டு, புஜத்துத் தசைக்குப் போகும் நரம்போடு இணைக்கிறார்கள். இணைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். தசையை எட்டவே பல மாதம். எட்டிய பிறகும் அங்கே போய்ச் சேருவது மூச்சிழுக்கச் சொல்லும் உத்தரவுதான். தும்மினால்கூடக் கை மடங்கும். மூச்சு வேறு, முழங்கை வேறு என்று மூளை பிரித்துக்கொள்ளும் வரை பழக்க வேண்டும்.

அப்படிப் பழக்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மணியின் இரண்டு விரல்கள் புஜத்தின் மேல். இன்னொரு கை அண்ணனின் தோளில். கண்ணுக்குத் தெரியும் முன்பே தசையின் துடிப்பு விரலுக்குத் தெரிந்துவிடுமாம். தோளில் கை வைத்திருப்பது காவலுக்கு. பலவீனமான தசைக்குப் பதிலாகப் பக்கத்துத் தசைகள் முந்திக்கொண்டு வேலையை முடித்துவிடும். "தோள் ஏமாத்துதுங்கண்ணா, விடுங்க, திரும்ப." வேண்டாத தசையைச் சும்மா இருக்க வைப்பதுதான் இதில் பாதி வேலை என்று எனக்குத் தோன்றியது.

தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வந்த அளவு இது. வெறும் துடிப்புக்கு 1. பவுடர் பலகையில் நகர்ந்தால் 2. கையின் சொந்தக் கனத்தை எதிர்த்துத் தூக்கினால் 3. அண்ணனுக்கு இப்போது 2.

பவுண்டரி, லேத், பம்பு செட், வெட் கிரைண்டர் என்று கையை நம்பிப் பிழைக்கும் ஊர் கோவை. பவர் பிரஸ்ஸுக்கு விரலைக் கொடுத்தவர்களும் இங்கே உண்டு. 1978-ல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனை, அவர் மகன் எஸ். ராஜசபாபதியின் காலத்தில் கை அறுவைச் சிகிச்சைக்கு உலக அளவில் பேர் வாங்கியது. துண்டான கையை இத்தனை மணி நேரம் போராடி ஒட்டினார்கள் என்று பத்திரிகையில் செய்தி வரும். ஒட்டிய கை சட்டைப் பித்தானைப் போடப் பழகியது எப்படி என்று யாரும் எழுதக் காணோம்.

அடுத்த கட்டிலில் பாதம் தொங்கிப்போன ஒருவர். கணுக்காலை உள்பக்கம் திருப்பும் தசையின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். இத்தனை வருசமாகக் கால் தரையில் ஊன்றும்போது உழைத்த தசை, இனி கால் காற்றில் இருக்கும்போது உழைக்க வேண்டும். தாளமே தலைகீழ். "பாதத்தை உள்ளாற திருப்புங்க" என்றால் பாதம் மேலே எழும்புகிறது! உட்கார்ந்தபடி அது கைகூடிய பிறகுதான் நிற்பதும் நடப்பதும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குச் செய்த சிகிச்சையும் இந்த வகைதான். தசைநாணை இடம் மாற்றிவிட்டால் போதாது, அதைப் பழக்கவும் வேண்டும் என்பதால் அவர் குழுவில் பிசியோதெரபிஸ்ட்களும் இருந்தார்கள்.

"கரண்ட் வெக்கலீங்களா அம்மணி?" என்றார் பாதம் தொங்கியவரின் மனைவி. வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி. கரண்ட் மிஷின் தசையைத் துள்ள வைக்கும். ஆனால் அந்த உத்தரவு மூளையிலிருந்து வந்ததல்லவே. மிஷின் ஓடினால்தான் வைத்தியம் என்ற நினைப்பு நம்மை விட்டுப் போகாது போலிருக்கிறது.

தொழிலில் எது சிரமம் என்று கேட்டதற்கு, அம்மணி தசையைப் பற்றியே பேசவில்லை. "தையல் பிரிச்சு ரெண்டு மூணு மாசம் ஆனா ஆளே வர்றதில்லீங்க." பஸ் செலவு, போன கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் வீட்டிலேயே செய்து வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பச் சொல்கிறார். போன வாரம் ஒரு பெரியவர் அனுப்பியதில் கை ஜோராக மடங்கியிருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, மேஜைக்கு அடியிலிருந்து பேரன் தூக்கிவிடுவது தெரிந்ததாம். ரெண்டு பேரையும் போனில் பிடித்துத் திட்டியிருக்கிறார்.