காணாத அச்சம்

அண்மையில் ஓரிரவு எம் தம்பி மகன் பழைய விளையாட்டொன்றைக் கணினியில் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் மூடுபனி சூழ்ந்த தெரு. ஆள் நடமாட்டம் இல்லை. "பயமாக இருக்கிறது, பெரியத்தா" என்றான். "ஒன்றையும் காணோமே, தம்பி" என்றோம். "அதனால்தான் பயம்" என்றான்.

அது 1999-இல் ஜப்பானியர் படைத்த 'சைலண்ட் ஹில்'. தொலைவிலுள்ளதை வரைந்து காட்டும் ஆற்றல் அந்நாளைய பிளேஸ்டேஷன் கருவிக்குக் குறைவு. அக்குறையைப் பனியால் மறைத்தனர். மறைப்பே அச்சத்தின் ஊற்றாயிற்று. பகை நெருங்குகையில் கையிலுள்ள சிறு வானொலி இரையும். கண் காணுமுன் செவி நடுங்கும். 1996-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில்' வேறு வழி கண்டது. அதில் தோட்டாக்கள் குறைவு. ஆடிய வரையில் ஆட்டத்தைப் பதிந்து வைக்க உதவும் தட்டச்சு மைநாடாவும் குறைவு. இழக்க நிறைய உண்டு, காக்கச் சிறிதே உண்டு என்னும் நிலையில் நெஞ்சு பதறுகிறது.

இவ்விலக்கணம் எம்மூருக்குப் புதிதன்று. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைப் பயிலுந்தோறும் இதனை உணர்கிறோம். அம்மையார் பேயை மறைக்கவில்லை, கண்ணெதிரே நிறுத்துகிறார். ஆயினும் எட்டியும் சூரையும் படர்ந்த சுடலையில் கேட்கும் கூகையின் குரலே எம்மை முதலில் உலுக்குகிறது. அச்சம் முற்றிய அவ்விடத்திலேயே இறைவனின் ஆடலையும் அவர் காட்டுகிறார்.

ஏட்டில் பயின்ற இவ்வுண்மையை வாழ்விலும் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எம் கரையோர ஊர்களைச் சூறையாடியது. டிசம்பர் 30 அன்று, மீண்டும் அலை வருமென்ற எச்சரிக்கை பரவியது. முதிய அன்னையைக் கைத்தாங்கலாகப் பற்றியவாறு மேற்கு நோக்கி விரைந்தோம். அன்று அலை வரவில்லை. நாம் கண்டது எதுவுமில்லை. கேட்டது ஒரு சொல் மட்டுமே. ஆயினும் அந்நடுக்கம் பல திங்கள் எம்மை விட்டகலவில்லை.

'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்தில் பகை நுழையாத அறைகள் சில உண்டு; அங்கே இசையும் தணிந்து ஒலிக்கும். அத்தகைய புகலிடம் இல்லையேல் ஆடுவோர் எவ்வாறு தொடர்வர்? அன்று எமக்கும் புகலிடம் கிடைத்தது. உட்புறத் தெருக்களில் கதவுகள் திறந்திருந்தன. எவ்வூர், எச்சமயம் என எவரும் வினவவில்லை.

மாணவச் செல்வங்களே! அச்சுறுத்தக் கற்பது எளிது. அஞ்சியவர்க்குக் கதவு திறக்கக் கற்பதே கல்வி. அவ்விரவில் ஆட்டத்தை நிறுத்துமாறு நாம் தம்பி மகனிடம் கூறவில்லை. அருகில் அமர்ந்தோம்; அவன் ஆடி முடித்தான்.