பெரம்பலூர் டு கடலூர்: இரண்டாம் டிவிஷனுக்குப் போகும் பாதை

பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. எங்கே போவதென்றாலும் பஸ்தான். ரயில்தான் வேண்டும் என்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். சின்ன வெங்காய மூட்டைகளும் காலேஜ் கூட்டமும் நெருக்கியடிக்கும் அந்த பஸ்களில் சில நாட்களில் இன்னொரு கூட்டமும் ஏறும். தோளில் பெரிய பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் வலைக்குள் தொங்கும் பந்து. பள்ளிப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கால்பந்து பிடித்துப்போனால் அவள் எதுவரை போகலாம்? இந்தக் கேள்விக்குப் பல காலம் சரியான பதில் இல்லை. இப்போது ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயர் இரண்டாம் டிவிஷன்.

இந்தியப் பெண்களுக்கான தேசிய கால்பந்து லீக் 2016-17 சீசனில்தான் தொடங்கியது. அதற்குக் கீழே இன்னொரு படியாக, 'இந்தியன் விமன்ஸ் லீக் 2' என்ற இரண்டாம் டிவிஷன் 2023-24ல் வந்தது. இதில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் மேலே ஏறும். மேலே கடைசியில் நிற்பவர்கள் கீழே இறங்குவார்கள். முதல் சீசனில் கொல்கத்தாவின் ஸ்ரீபூமி அணியும் ஒடிசாவின் நீதா அகாடமியும் ஏறின. அடுத்த சீசனில் டெல்லியின் கர்வால் யுனைடெட்டும் கோவாவின் சேசா அகாடமியும் ஏறின. 2023-24ல் முதல் டிவிஷன் சாம்பியன் ஆன ஒடிசா எஃப்.சி., அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. ஏணியும் உண்டு, பாம்பும் உண்டு!

செம்மண்ணும் சுண்ணாம்பும்

பெரம்பலூரில் மாணவிகளுக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர்களில், "பொம்பளப் புள்ள அரை டவுசர் போட்டுக்கிட்டு ஓடணுமா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி வருகிற பிள்ளைக்கு விடுதி என்பது மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், பள்ளிப் படிப்பு, காலையும் மாலையும் பயிற்சி. வீட்டில் ஒரு முட்டைக்குக் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேரளி வழியாக அரியலூர் போகும் சாலையில் மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வரும். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வரத் தொடங்கினால் அரியலூர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பில்தான் இன்றைய சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. நத்தை போலச் சுருண்ட கடலுயிர்களின் படிமங்களை வாரணவாசியில் உள்ள புதைபடிம அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம்.

அரியலூர் விளையாட்டுக்குப் புதிய ஊர் அல்ல. இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய கார்த்தி செல்வம் இந்த ஊர்க்காரர்தான். சிறிய ஊரிலிருந்து இந்திய ஜெர்சி வரை போக முடியும் என்பதற்கு இங்கே வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் பெண்கள் கால்பந்தில் சிக்கல் வேறு. பள்ளியில் இருக்கும்வரை 14, 17, 19 வயதுப் பிரிவுகள் உண்டு. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் வரிசையாக வரும். முதலமைச்சர் கோப்பையும் உண்டு. பிளஸ் டூ முடிந்த அன்று அந்த வரிசை அறுந்துவிடும். நர்ஸிங்கா, நூற்பாலை வேலையா, கல்யாணமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். ஏழாம் வகுப்பில் தொடங்கிய ஓட்டம் பல பிள்ளைகளுக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

கடலூர் காட்டிய வழி

நிற்காமல் ஓடினால் என்ன நடக்கும் என்று பார்க்க, ஜெயங்கொண்டம், விருத்தாசலம், நெய்வேலி, வடலூர் என்று பஸ் மாறிக் கடலூர் போக வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரத்தை ஒரு எட்டு பார்த்துவிட்டே போகலாம். அரியலூரில் கடல் கல்லாகிவிட்டது. கடலூரில் அது இன்னும் அலையடிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த அலை எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோனது. சுனாமிக்குப் பிறகான ஆண்டுகளில், ஆதரவு இழந்த பெண் பிள்ளைகள் பலர் இந்த ஊரில்தான் கால்பந்தைத் தொட்டார்கள். இங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியின் அணி 2017-18 சீசனில் தேசிய லீக்கிலேயே ஆடியது. பெரிய முதலாளி இல்லாத, ஒரு மாவட்டத் தலைநகரின் அணி!

கடலூர் மண்ணில் வளர்ந்தவர்தான் இந்துமதி கதிரேசன். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். கொரோனா ஊரடங்கு நாட்களில் பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருக்களில் பணிக்கு நின்றவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் கால்பந்து இறுதியில், அசைக்க முடியாது என்று பேர் வாங்கியிருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறை கோப்பையைத் தூக்கியது. அந்த வெற்றியில் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்.சி. தேசிய லீக் சாம்பியன் ஆனது. 2023ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையை வாங்கியது.

கோப்பையைவிடப் பெரியது

இரண்டாம் டிவிஷனில் ஆடுகிற பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? பெரிய பணம் இல்லை. முதல் டிவிஷன் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2023ல் முடிவெடுத்தது. அந்தக் காப்பு மேல்படிக்கு மட்டும்தான். கீழ்ப்படியில் சீசனும் சின்னது. ஓர் ஊரில் கூடி, சில வாரங்களில் ஆடி முடித்துவிட்டு ரயில் ஏறுவார்கள். மீதி மாதங்களுக்கு அவரவர் ஊர் மைதானம்தான் கதி.

ஆனாலும் அந்தச் சில வாரங்களுக்கு மதிப்பு அதிகம். பிளஸ் டூவோடு அறுந்துபோன வரிசையை அவை மறுபடி முடிச்சுப் போடுகின்றன. 'தேசிய லீக்கில் ஆடினேன்' என்று சொல்ல ஒரு சட்டை கிடைக்கிறது. மேல் டிவிஷன் கிளப்புகளின் கண்ணில் பட ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அங்கிருந்து மாநில அணிவரை போய்ப் பதக்கம் வாங்கினால், அரசு வேலையில் தமிழ்நாடு விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கியிருக்கும் 3 சதவீதத்தின் கதவைத் தட்டலாம். கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போட வீட்டில் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கிறது. அந்த இரண்டு வருடத்தில்தான் பல வாழ்க்கைகள் திசை மாறுகின்றன.

ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சேரும் மாணவிகளுக்கு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். வீட்டில் ஓடியாடும் பெண் இருந்தால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. எந்த விடுதியில் எந்த விளையாட்டு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

கடலூரிலிருந்து திரும்பி, அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். பள்ளி மைதானங்களில் பந்து கண்ணுக்குத் தெரியாத நேரம். அப்போதும் சில பிள்ளைகள், "இன்னும் ஒரே ஒரு கோல் சார்!" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாருக்காவது பிளஸ் டூவுக்குப் பிறகும் மைதானம் திறந்திருந்தால், அடுத்த பஸ் அவளுக்குத்தான்.