பெயருக்கு முன்பே வந்த விலை

மாலத்தீவில் ஒரு சின்ன மீன் இருக்கிறது. விரல் நீளம்தான். ஆண் மீனுக்கு ரோஜா நிறம். 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில், பவளப்பாறைகளை ஒட்டி வாழ்கிறது. 1990களிலேயே ஆய்வாளர்கள் கையில் கிடைத்தும், 2022 வரை அதற்கென்று ஓர் அறிவியல் பெயர் இல்லை.

காரணம் எளிது. சுமார் 1,000 கிலோமீட்டர் தெற்கே, சாகோஸ் தீவுகளில் வேறொரு மீனுக்கு முன்பே பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு இளமீன். மாலத்தீவு மீனை அதன் வளர்ந்த வடிவம் என்றே நினைத்துவிட்டார்கள். நிறம், முதுகுத் துடுப்பின் உயரம், செதில்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது.

இதற்குள் அந்த மீன், வண்ணமீன் வியாபாரத்துக்குள் வந்துவிட்டது. இதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. வண்ணமீன் கடைக்குப் போனால் நானும் தொட்டியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த மீனுக்கோ பெயர் வருமுன்னே விலை வந்துவிட்டது! இரண்டு இனங்களை ஒன்றாக எண்ணினால், அந்த மீன் பரந்த கடலெங்கும் இருப்பதுபோலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றின் இடமும் எவ்வளவு குறுகியது என்பது புரியும். யாரென்றே தெரியாததை எப்படிப் பாதுகாப்பது?

பெயர் சூட்டிய நால்வரில் ஒருவர் மாலத்தீவு ஆய்வாளர் அகமது நஜீப். மாலத்தீவு மீன் ஒன்றை அந்நாட்டவரே அறிவியல் உலகுக்கு விவரித்தது அதுதான் முதல் முறை. வைத்த பெயர் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா. திவேஹி மொழியில் ‘ஃபினிஃபென்மா’ என்றால் ரோஜா. அதுவே அவர்களின் தேசிய மலரும்கூட. இனி எந்த நாட்டு ஆய்வாளரும் அந்த மீனைக் குறிப்பிட ஒரு திவேஹிச் சொல்லை உச்சரித்தே ஆகவேண்டும்.

என் அம்மா சந்தையில் மீன்களைக் காட்டி சங்கரா, வௌவால், நெத்திலி என்று சொல்லித் தந்தார். என் பிள்ளைகளுக்கு எல்லாமே ‘ஃபிஷ்’தான். அந்தப் பெயர்களை வைக்க ஆய்வாளர் யாரும் வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கின்றன. நாம் வாய்விட்டுச் சொன்னால் போதும். இப்போது சந்தையில் விலை கேட்பதற்கு முன், பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.