கடை என்பதும் வாயிலே

தமிழ் படித்தவர்களுக்குத் தலை, இடை, கடை என்னும் பகுப்பு கைப்பழக்கம் போன்றது. சங்கங்களை அப்படித்தான் வரிசைப்படுத்தினோம். நன்னூலார் மாணாக்கரையும் அப்படியே வரிசைப்படுத்தினார். அன்னமும் ஆவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை என்று ஆண்டுதோறும் முதல் வாரத்தில் சொல்கிறோம். கடை வரிசை வந்தவுடன் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வதையும் காண்கிறோம். இந்தப் பகுப்பைக் கொண்டு ஒரு காரைப் பற்றி எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. நம்மிடம் கார் இல்லை. கல்லூரிக்குப் பேருந்தில்தான் போய்வருகிறோம். ஆயினும், மலிவான ஒன்று எப்படிச் சத்தமின்றி ஒழிகிறது என்பதை அறிய இந்தக் காரின் கதையைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரத் தொழிற்சாலையில் டெஸ்லா நிறுவனம் உருவாக்கிய மாடல் எஸ் என்னும் மின்சாரக் கார், 2012 ஜூன் மாதத்தில் முதன்முதலாக வாங்கியோர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விலைப்பட்டியலில் அதற்கு மூன்று பேட்டரிகள் இருந்தன: 85, 60, 40 கிலோவாட்-மணி. கிலோவாட்-மணி என்றதும் மலைக்க வேண்டியதில்லை; நம் வீட்டு மின்கணக்கு அட்டையில் யூனிட் என்று குறிக்கப்படுவதே அது. மணிக்கு 55 மைல் வேகத்தில் சென்றால் 85 யூனிட் கார் 300 மைலும், 60 யூனிட் கார் 230 மைலும், 40 யூனிட் கார் 160 மைலும் ஓடும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. கடை வரிசையில் நின்ற காரின் விலை 57,400 டாலர். அமெரிக்க நடுவண் அரசின் வரிச்சலுகை 7,500 டாலரைக் கழித்தால் 49,900. விளம்பரத்தில் ஐம்பதாயிரத்துக்குக் குறைவான ஓர் எண் நின்றது என்றால், அது அந்தக் கடை பேட்டரியின் தயவால் நின்றது.

ஐம்பதாயிரம் டாலர் கார் ஏழையின் கார் ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வாக்குறுதி இருந்தது. 2006 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க் தம் திட்டத்தை வெளிப்படையாக எழுதினார். முதலில் செல்வர்களுக்கு ஒரு பந்தயக் கார் கட்டுவது. அந்தப் பணத்தைக் கொண்டு விலை குறைந்த கார் ஒன்று கட்டுவது. அதில் வரும் பணத்தைக் கொண்டு இன்னும் விலை குறைந்ததைக் கட்டுவது. மாடிப்படியை மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டு வருவதற்கு ஒப்பானது அத்திட்டம். அப்படிக் கட்டுகிறவர்கள் விஷயத்தில், தரையை ஒட்டிய கடைசிப் படி எப்போது வரும் என்பதே கீழே நிற்பவர்களின் கேள்வியாக இருக்கும்.

2013 மார்ச் இறுதியில் அந்நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் காலாண்டில் 4,500 கார்கள் விற்க எண்ணியிருந்தோம், 4,750-க்கு மேல் விற்றுவிட்டோம், வரலாற்றில் முதன்முறையாக லாபம் காணப் போகிறோம் என்ற மகிழ்ச்சிச் செய்தியோடு இன்னொன்றும் அதில் இருந்தது. 40 யூனிட் பேட்டரியைத் தேர்ந்தவர்கள் நூற்றுக்கு நால்வர் மட்டுமே. ஆகவே அதை உற்பத்தி செய்யப் போவதில்லை. முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு அதே விலையில் 60 யூனிட் பேட்டரி பொருத்திய காரே கொடுக்கப்படும். ஆனால் மென்பொருளைக் கொண்டு அது 40 யூனிட் அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பெரிய பேட்டரியின் வேகம் அவர்களுக்கு உண்டு. தொலைவு மட்டும் இல்லை. அந்தத் தொலைவும் வேண்டுமென்றால் பிற்பாடு பணம் கட்டித் திறந்துகொள்ளலாம்.

வணிகக் கணக்கில் இதைக் குறை சொல்வது எளிதன்று. அந்தப் பேட்டரி, விரல் பருமனுள்ள ஆயிரக்கணக்கான சிறு உருளைகளை அடுக்கிச் செய்யப்படுவது. ஓர் உருளையின் குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். உருளைகளைக் குறைத்து வேறோர் அடுக்கு செய்வதென்றால் அதற்குத் தனி வடிவம், தனிச் சோதனை, தனி உதிரி இருப்பு எல்லாம் வேண்டும். நூற்றில் நால்வருக்காக இவ்வளவையும் செய்வதைவிட, எல்லாருக்கும் ஒரே பெட்டியைப் பொருத்திவிட்டு, நால்வருடைய பெட்டியை மட்டும் பூட்டிவிடுவது மலிவு. தொண்ணூற்றாறு பேருக்கு இதனால் இழப்பில்லை. அந்த நால்வரும்கூடக் கேட்டதைவிட நல்ல காரையே பெற்றார்கள் என்று நிறுவனம் சொன்னது, அதுவும் உண்மையே. பிறகு நமக்கு ஏன் மனம் ஒப்பவில்லை?

அந்த நான்கு என்னும் எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் முதலில் கட்டிக் கொடுத்தது 85 யூனிட் கார்களை. 60 யூனிட் கார்களின் முறை 2013 தொடக்கத்தில் வந்தது. 40 யூனிட் காரின் முறை வரவே இல்லை. எவரும் சாலையில் பார்த்திராத, ஓட்டிப் பார்க்க இயலாத ஒரு காரை நூற்றில் நால்வர் தேர்ந்திருந்தார்கள். அதற்கிடையில், 2012 செப்டம்பரில், நெடுஞ்சாலைகளில் விரைவாக மின்னேற்றும் சூப்பர்சார்ஜர் நிலையங்களை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 85 யூனிட் காருக்கு அந்த வசதி விலையோடு சேர்ந்தது. 60 யூனிட் காருக்குத் தனியே பணம் கட்டினால் கிடைக்கும். 40 யூனிட் காருக்குப் பணம் கட்டினாலும் கிடையாது. தொலைவு செல்லும் சுதந்திரத்தை மக்கள் விரும்புகிறார்கள், அதற்குத் தங்கள் பணத்தால் வாக்களித்திருக்கிறார்கள் என்பதே அறிக்கை தந்த விளக்கம். தொலைவு செல்லும் வழியை ஒரு காருக்கு மட்டும் அடைத்துவைத்த பிறகு அந்த வாக்கு எண்ணப்பட்டது என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட எண்ணிக்கையை நாம் வேறோரிடத்திலும் கண்டிருக்கிறோம். ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் மாணவர்க்கு விருப்பப் பாடங்கள் மூன்று இருந்தன. ஓராண்டு கல்வெட்டியலைத் தேர்ந்தவர்கள் ஐவர். பத்துப் பேர் சேர்ந்தாலன்றி வகுப்பு நடத்த இயலாது என்பது விதி. "மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கோப்பில் எழுதினார்கள். அந்தப் பாடத்துக்குக் கால அட்டவணையில் ஒதுக்கியிருந்தது வெள்ளிக்கிழமைக் கடைசி மணி. அந்த மணி அடிப்பதற்குள் கிராமத்துப் பிள்ளைகளின் பேருந்து போய்விடும். கோயில்களுக்குச் சென்று படியெடுக்கும் செலவை மாணவர்களே ஏற்க வேண்டும் என்ற குறிப்பும் படிவத்தில் இருந்தது. துறைக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னோம், குறிப்பேட்டில் பதிந்துகொண்டார்கள். ஐவரும் இதழியல் வகுப்புக்கு மாற்றப்பட்டார்கள். வேலைவாய்ப்பு மிகுந்த, மேலான பாடம் கிடைத்திருக்கிறதே என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதுவும் பொய்யன்று. ஆனால் அந்த ஐவரும் இழந்ததை எந்த மதிப்பெண் பட்டியலிலும் காட்ட முடியாது. அடுத்த ஆண்டுப் படிவத்தில் அந்தப் பாடத்தின் பெயரே இல்லை என்பதால், ஆறாவதாக வந்திருக்கக் கூடியவரைப் பற்றி எவருக்கும் தெரியப்போவதும் இல்லை.

சிறுபான்மையின் தேர்வு நீக்கப்படும்போது நேர்வது இதுதான் என்று கருதுகிறோம். தேர்ந்தவர்களுக்கு ஏதோ ஓர் ஈடு கிடைத்துவிடுகிறது. இனித் தேர்ந்திருக்கக் கூடியவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. 40 யூனிட் காருக்குப் பதிவு செய்திருந்தவர்கள் பெரிய பேட்டரியைப் பெற்றார்கள். மறுநாள் கடைக்கு வந்தவர் முன்னிருந்த பட்டியல் 60-இல் தொடங்கியது. அந்தக் காரின் விலை பத்தாயிரம் டாலர் அதிகம்.

இனி அந்தப் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும். பயன்படாத செல்வத்தைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். நன்றியில் செல்வம் என்பது அதன் பெயர். தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் வைத்திருப்பவனை அங்கே இடித்துரைக்கிறார். நம் ஊரில் அதைப் பூதம் காத்த புதையல் என்பார்கள். ஆனால் புதையலைக் காத்த பூதம் அதைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் சுற்றியதில்லை. 40 யூனிட் விலை கொடுத்தவர், 60 யூனிட் பேட்டரியின் முழு எடையையும் ஒவ்வொரு மைலுக்கும் இழுத்துச் செல்கிறார். மிகுதியான 20 யூனிட் அவர் வாகனத்தில், அவர் வீட்டு வாசலில் இருக்கிறது. அவருடையது என்று சொல்ல முடியாது. நிறுவனத்துக்கும் அதனால் வேறு பயன் இல்லை. லித்தியம் பேட்டரியை விளிம்பு வரை நிரப்பாமல் வைத்திருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது என்று அறிந்தோர் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதலாக அதை ஏற்கலாம்.

இந்தப் பூட்டின் இயல்பு முழுமையாக வெளிப்பட்டது 2017-இல். அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவனம் மீண்டும் 60 என்ற பெயரில் கார்களை விற்றது; அவற்றுள் இருந்தது 75 யூனிட் பேட்டரி. 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடா மாநிலத்தை நெருங்கியது. மக்கள் வடக்கு நோக்கி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கார் உரிமையாளர் ஒருவர் இன்னும் கொஞ்சம் தொலைவு கிடைத்தால் தப்பிவிடலாம் என்று கேட்க, நிறுவனம் அந்தப் பகுதியில் இருந்த அத்தகைய கார்களின் பூட்டைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டது. ஏறத்தாழ 30 மைல் கூடுதலாகக் கிடைத்தது. ஒரு திருகாணியையும் எவரும் தொடவில்லை. செப்டம்பர் 16 வரை அந்தச் சலுகை இருந்தது, பிறகு பூட்டிக்கொண்டது.

அது நல்ல செயல் என்பதில் ஐயமில்லை. ஆபத்தில் உதவியவரைக் கடிந்துகொள்வது பண்பாகாது. ஆயினும், உடைமை என்று நாம் இதுவரை பொருள்கொண்டிருந்த சொல் அந்த ஒரு வாரத்தில் சற்றே ஆட்டம் கண்டது. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் பூட்டிய ஓர் அறை இருக்கிறது. அதன் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. புயல் வந்தால் திறக்கும், புயல் போனால் மூடும். மலிவானதைத் தனியே செய்யாமல், உயர்ந்ததைச் செய்து பூட்டி மலிவாக விற்கும் முறையின் முடிவு இதுவாக இருக்கிறது.

கடைசிப் படிக்குத் திரும்புவோம். 2016 மார்ச்சில் 35,000 டாலருக்கு மாடல் 3 என்னும் கார் வரும் என்று அறிவித்தார்கள். 2017-இல் விலை கூடிய வகைதான் முதலில் வந்தது. 35,000 டாலர் கார் 2019 பிப்ரவரி இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஏப்ரலில் இணையப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தொலைபேசியில் கேட்டோ கடைக்குச் சென்றோ வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி வாங்குவோர்க்கும் ஒரு படி மேலான காரே, தொலைவு குறைக்கப்பட்டு, இருக்கையைச் சூடாக்கும் வசதியும் இசையும் மென்பொருளால் நிறுத்தப்பட்டுத் தரப்பட்டது. பனிக்காலத்தில் அந்த இருக்கையில் அமர்பவர், தமக்குக் கீழே சூடாக்கும் கம்பி இருக்கிறது என்பதை அறிந்தே அமர்வார். 2021 ஜனவரியில் மாடல் ஒய் காருக்கு ஒரு சிறிய வகை வந்தது. பிப்ரவரியிலேயே பட்டியலிலிருந்து மறைந்தது. 2025 செப்டம்பரோடு அமெரிக்க அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை முடிவுக்கு வர, அக்டோபரில் இரு கார்களுக்கும் விலை குறைந்த வகைகள் மீண்டும் அறிவிக்கப்பட்டன. கடைசிப் படி கட்டப்படுகிறது, எடுக்கப்படுகிறது, மறுபடி கட்டப்படுகிறது.

தமிழில் கடை என்னும் சொல்லுக்கு முடிவு என்றும் தாழ்வு என்றும் மட்டும் பொருள் இல்லை. வாயில் என்றும் பொருள் உண்டு. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் கடைதிறப்பு என்று ஒரு பகுதி பாடியது கதவைத் திறக்கச் சொல்லித்தான். பொருள் விற்கும் இடத்தையும் அதே சொல்லால் அழைக்கிறோம். கடைநிலையில் வைக்கப்பட்ட பொருளே பலருக்கு நுழைவாயிலாக இருக்கிறது என்பதை நம் மொழி எப்போதோ அறிந்திருந்ததோ என்னவோ. நூற்றுக்கு நால்வர் என்று ஒருவர் கணக்குக் காட்டும்போது அந்தக் கணக்கை நாம் மறுக்க வேண்டியதில்லை. எண்ணுவதற்கு முன்பு அந்த வாயில் எவ்வளவு திறந்திருந்தது என்று மட்டும் கேட்கலாம். அறிக்கைகளில் விடை இருக்காது. வாயிலில் நின்று திரும்பிப் போனவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.