பெண்ணாய்ப் பிறந்த மீன்

பெண் குழந்தை என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் இன்னும் உலகில் இருக்கத்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சீனாவில், ஜெஜியாங் மாகாணத்திலுள்ள ஆயிரம் தீவு ஏரிக்கு ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அங்கே ஸ்டர்ஜன் என்ற மீனை வளர்க்கிறார்கள். ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே, சில வயது ஆனதும் வயிற்றை 'ஸ்கான்' செய்து பார்க்கிறார்கள். பெண் என்றால் ராஜோபசாரம். ஆண் என்றால் நேரே மீன் சந்தை!

எல்லாம் அவளுடைய முட்டைகளுக்காகத்தான். உப்புச் சேர்த்துப் பக்குவப்படுத்திய அந்தக் கரிய மணிகளுக்குத்தான் 'கேவியர்' என்று பெயர். வெள்ளிக் கரண்டி பட்டால் ருசி கெடும் என்று சீமான்கள் சிப்பிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிறார்களாம்!

ஸ்டர்ஜன் மிகப் பழைய குலம். டைனோசர்கள் மாண்டபோதும் பிழைத்தது. மனிதனுடைய நாக்குக்குத்தான் தப்ப முடியவில்லை. வோல்கா நதியில் எழுந்த அணைகள், முட்டையிடப் போகும் வழியை மறித்தன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு, காஸ்பியன் கடலில் திருட்டு மீன்பிடிப்பு தலைவிரித்தாடியது. 1998 முதல் இந்த இனம் முழுவதன் வியாபாரத்துக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. அப்படியும் 2022-ல், எஞ்சியுள்ள ஸ்டர்ஜன் வகை ஒவ்வொன்றுமே அழியும் அபாயத்தில் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஆகவே பண்ணைகள் வந்தது நல்லதுதான். பண்ணைக்காரருடைய பொறுமையையும் மெச்ச வேண்டும். பெலூகா என்ற பெரிய ஜாதி மீன் சினையாகப் பதினைந்து வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆனால் அத்தனை வருஷம் தீனி போட்டு வளர்த்தவளை, வயிறு நிறைந்ததும் கொன்றுவிடுவதுதான் பெரும்பாலான பண்ணைகளில் வழக்கம். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு இப்படியா மரியாதை? சில இடங்களில் மட்டும் வயிற்றை நீவி முட்டைகளை எடுத்துக்கொண்டு, அவளை மறுபடி தண்ணீரில் விடுகிறார்கள். அந்த முறை பரவினால் எனக்குச் சந்தோஷம்.

டப்பாவின் சீட்டைப் பார்த்தால் விஷயம் தெரியும். அதிலுள்ள குறியீட்டில் 'சி' என்ற எழுத்து இருந்தால் பண்ணையில் பிறந்த மீன். 'டபிள்யூ' என்றால் இயற்கை நீரில் பிடித்தது. வாங்குகிறவர்கள் அந்த ஓர் எழுத்தையாவது கவனிக்கட்டும். பண்ணையிலே ஒருத்தி உயிரைக் கொடுத்தாலும், ஆற்றிலிருக்கும் அவள் சகோதரியாவது நிம்மதியாக முட்டையிட்டுவிட்டுப் போகட்டுமே!